தாளின் நீளத்தில் ஓடும் எழுத்து

விரிதாள் கணினிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அகலலாம். தாள் அப்படி அகலாது. 1979இல் ஆப்பிள் 2 கணினிக்காக டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க்கில் 63 நெடுவரிசைகளும் 254 கிடைவரிசைகளும் இருந்தன. ஒரு நெடுவரிசைக்கு 9 எழுத்திடம் என்ற இயல்பான அகலத்தில் ஒரு வரிக்கு 567 எழுத்துகள். பிபிசி மைக்ரோ கணினிக்கு வந்த வியூஷீட் 255 நெடுவரிசைகளைத் தந்தது. 1983இல் வெளியான லோட்டஸ் 1-2-3இல் அது 256. அதே ஆண்டுகளில் வீட்டுக் கணினியோடு சேர்த்து வாங்கப்பட்ட சிறிய பிரிண்டர் ஒரு வரியில் அச்சிட்டது 80 எழுத்து. திரை இடம்வலமாக நகர்ந்து எல்லாவற்றையும் காட்டிவிடும் என்பதால் கணக்குப் போடும்போது இந்த முரண் கண்ணில் படுவதில்லை. அச்சிடும்போதுதான் சிக்கல்.

கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சி வாரச்சந்தை மளிகைச் சரக்குக்குப் பேர்போனது. மிளகு, சீரகம், மல்லி, கடுகு, வெந்தயம், சோம்பு, மஞ்சள் என்று ஆண்டுச் சரக்கை மொத்தமாக வாங்கி வைப்போர் தேடி வரும் சந்தை அது. அங்கே விலை வாரத்துக்கு வாரம் மாறும். ஓர் ஆண்டின் விலையேற்ற இறக்கத்தை ஒரே பார்வையில் பார்க்க விரும்புபவர் சரக்கின் பெயரை இடப்பக்கம் எழுதி, வாரங்களை வலப்பக்கம் வரிசையாக அடுக்குவார். அத்தகைய பட்டியல் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பெயருக்கு 12 எழுத்திடம், ஒரு வாரத்து விலைக்கு, இடைவெளியும் சேர்த்து, 7 எழுத்திடம், 52 வாரம். கூட்டினால் ஒரு வரிக்கு 376 எழுத்து. தலைப்பு வரிகளையும் சரக்கின் தரவாரி வரிகளையும் சேர்த்து 48 வரி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

இதை 80 எழுத்துப் பிரிண்டருக்கு அனுப்பினால் பட்டியல் ஐந்து துண்டாகும். முதல் துண்டில் பெயரும் ஒன்பது வாரமும். பிறகு துண்டுக்குப் பதினோரு வாரம். பெயர் முதல் துண்டில் மட்டுமே இருப்பதால் மற்றவற்றைப் பசை போட்டு ஒட்டியாக வேண்டும். ஒட்டுமிடத்தில் அரை வரி பிசகினால் சீரகத்தின் விலை கடுகுக்கு நேரே போய் நிற்கும். எழுத்தைச் சுருக்குவது இரண்டாவது வழி. எப்சன் எம்எக்ஸ்-80 பிரிண்டரின் குறுகிய எழுத்து முறையில் ஒரு வரிக்கு 132 எழுத்து விழும். அப்போதும் மூன்று துண்டு. அகலப் பிரிண்டர் வாங்குவது மூன்றாவது வழி. 15 அங்குலத் தாள் ஏறும் எம்எக்ஸ்-100இல் குறுகிய எழுத்துக்கு 233 இடம் உண்டு. அங்கும் பட்டியல் இரண்டாகத்தான் வரும். பணம் கூடுகிறதே தவிரத் துண்டு தீரவில்லை.

தீர்வு பிரிண்டருக்குப் பின்னால் மடிந்து கிடந்த தாளிலேயே இருந்தது. இரு ஓரமும் துளையிட்ட தொடர்தாள் அகலத்தில்தான் குறுகலானது. நீளத்துக்கு அதில் பஞ்சமே இல்லை. இந்தியக் கடைகளில் 10×12, 15×12 என்று அங்குலக் கணக்கில் விற்கப்படும் இந்தத் தாள், 12 அங்குலத்துக்கு ஒரு கிழிப்புக் கோட்டோடு பெட்டி முழுக்க ஒரே நாடாவாக மடிந்திருக்கும். பட்டியலைத் தொண்ணூறு பாகை திருப்பி, வரிகளைத் தாளின் நீளவாக்கில் ஓடவிட்டால் 376 எழுத்து என்ன, 3,000 எழுத்தும் ஒரே வரியில் அடங்கும். அகலத்துக்கு இருந்த கட்டுப்பாடு இப்போது வரிகளின் எண்ணிக்கைக்கு மாறிவிடும். பெரும்பாலான கணக்குப் பட்டியல்களில் வரி குறைவு, நெடுவரிசை அதிகம் என்பதால் இந்த மாற்று லாபமானது.

திருப்புவதற்குப் பிரிண்டர் இடம் கொடுக்க வேண்டும். டெய்சி சக்கரப் பிரிண்டரில் எழுத்து வார்ப்பாகவே சக்கரத்தின் இதழில் இருக்கும். அதைத் திருப்ப வழியே இல்லை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எழுத்து என்று தனியாக எதுவும் இல்லை. அச்சுத்தலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது ஊசிகள், அங்குலத்துக்கு 72 என்ற நெருக்கத்தில். தலை இடமிருந்து வலமாக ஓடும்போது எந்த ஊசி எப்போது ரிப்பனைத் தட்டுகிறது என்பதுதான் எழுத்தாகிறது. வழக்கமாக அதைப் பிரிண்டருக்குள் இருக்கும் நிலைநினைவகமே முடிவு செய்யும். புள்ளிப்பட முறை என்ற இன்னொரு வழியில் அந்த அதிகாரம் கணினியின் கைக்கு வருகிறது: கணினி ஒரு பைட் அனுப்பினால் அதன் எட்டு பிட்டும் எட்டு ஊசிகளை ஆளும். மிக உயர்ந்த பிட்டுக்கு மேல் ஊசி, கடைசி பிட்டுக்கு எட்டாவது ஊசி. ஒன்பதாவதுக்கு வேலை இல்லை. முதலில் வந்த எம்எக்ஸ்-80இல் இந்த வசதி கிடையாது. கிராஃப்ட்ராக்ஸ் என்ற சில்லுத் தொகுப்பைப் பொருத்தினால்தான் கிடைத்தது. பின்னால் வந்த எஃப்எக்ஸ்-80 போன்றவற்றில் அது பிறவியிலேயே இருந்தது. எப்சனின் கட்டளைகளை மற்ற நிறுவனங்களும் பின்பற்றியதால், ஒரு பிரிண்டருக்கு எழுதிய நிரல் பெரும்பாலும் இன்னொன்றிலும் ஓடியது.

கட்டளைகள் சிலவே. 27, 65, 8 என்ற மூன்று எண்களை அனுப்பினால் வரிக்கு வரி தாள் நகரும் தொலைவு அங்குலத்தின் 72இல் 8 பங்காகும். ஒரு வரியின் எட்டாவது ஊசிப் புள்ளிக்கு அடுத்த புள்ளியாக அடுத்த வரியின் முதல் புள்ளி விழும். இயல்பான நகர்வு 12 பங்கு; அதை மாற்றாமல் விட்டால் எழுத்துகளுக்கு நடுவே வெள்ளைப் பட்டை ஓடும். பிறகு 27, 75, 224, 1. இது, இனி வரும் 480 பைட்டுகளும் எழுத்தல்ல, புள்ளி என்ற அறிவிப்பு. 224ஓடு 256ஐக் கூட்டினால் 480. அங்குலத்துக்கு 60 புள்ளி வீதம் எட்டு அங்குல அகலம்.

இனி எழுத்தின் வடிவம் வேண்டும். அது கணினிக்குள்ளேயே இருக்கிறது, ஏனெனில் திரையில் எழுத்தை வரைய அதற்கும் அந்த வடிவம் தேவை. இந்திய அரசு 1984-85இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினித் திட்டத்தின் வழியாக முதலில் சுமார் 250 பள்ளிகளுக்குச் சென்ற பிபிசி மைக்ரோவை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டம். மேலிருந்து கீழாக எட்டு பைட்டு. ஆங்கில ‘ஏ’யின் பைட்டுகள் 60, 102, 102, 126, 102, 102, 102, 0. ஆஸ்வேர்டு என்ற இயக்கமுறை அழைப்பின் பத்தாம் எண் பணி, கேட்ட எழுத்தின் இந்த எட்டு எண்களையும் எடுத்துத் தரும். புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் விற்ற ஸ்பெக்ட்ரம் வகைக் கணினியில் வழி இன்னும் நேரானது: எழுத்தின் குறியெண்ணை எட்டால் பெருக்கி 15,360ஐக் கூட்டினால் வடிவம் இருக்கும் முகவரி வந்துவிடும்.

திரைக்கு ஒரு பைட் என்பது கிடைக்கோடு. பிரிண்டருக்கு ஒரு பைட் என்பது நிற்கும் கோடு. எழுத்தை நிமிர்த்தி அச்சிட வேண்டுமானால் எட்டு பைட்டின் பிட்டுகளையும் பிரித்து, குறுக்கே கோத்து, புது பைட்டு எட்டு உருவாக்க வேண்டும். பழைய எட்டு பிட் கணினிக்கு அது மெதுவான வேலை. எழுத்தைப் படுக்க வைப்பதற்கோ இந்தச் சிரமம் எதுவும் இல்லை! கிடைக்கோட்டைப் பிரிண்டர் தானாகவே நிற்கும் கோடாக்கிவிடுகிறது. கடிகாரம் சுற்றும் திசையில் திரும்பிய எழுத்தில் உச்சி வலப்பக்கம் வரும், அடி இடப்பக்கம் வரும். ஆகவே எட்டு பைட்டையும் கடைசியிலிருந்து முதலாக அனுப்பினால் போதும். ‘ஏ’க்கு 0, 102, 102, 102, 126, 102, 102, 60. நிமிர்ந்த எழுத்தைவிடப் படுத்த எழுத்து எளிது என்பது முதலில் நம்பச் சற்றுக் கடினம். தாளில் கட்டம் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

கமடோர் எம்பிஎஸ்-801 பிரிண்டரில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே மேல் ஊசிக்கு மிகத் தாழ்ந்த பிட். அதனால் அதே பைட்டுகளை முதலிலிருந்து கடைசியாக அனுப்ப வேண்டும், எழுத்து எதிர்த்திசையில் திரும்பும். பட்டியலையும் கடைசி வாரத்திலிருந்து தொடங்கி அச்சிட வேண்டியிருக்கும். போதாததற்கு அதன் புள்ளிப்பட முறைக்கு ஏழே ஊசி. எட்டாவது பிட்டைக் கைவிட வேண்டும்.

எழுத்தைத் திருப்புவது இவ்வளவுதான். உண்மையான வேலை வரிசையைத் திருப்புவதில் இருக்கிறது. பிரிண்டரின் தலை ஒருமுறை இடமிருந்து வலமாக ஓடும்போது பட்டியலின் ஒரு வரியை அச்சிடுவதில்லை. 48 வரியிலும் தலா ஒரே ஓர் எழுத்தை அச்சிடுகிறது. முதல் ஓட்டத்தில் எல்லா வரிகளின் முதல் எழுத்து, இரண்டாவதில் எல்லாவற்றின் இரண்டாம் எழுத்து. தறியில் நாடா ஓட்டத்துக்கு ஓர் ஊடு இழை போட்டுத் துணி வளர்வதுபோல, ஓட்டத்துக்கு ஓர் எழுத்தாக 48 வரியும் ஒருசேர வளர்கின்றன. திரும்பிய பட்டியலின் முதல் வரி தாளின் வலது ஓரத்தில் இருப்பதால் ஒவ்வோர் ஓட்டமும் கடைசி வரியின் எழுத்தில் தொடங்கி முதல் வரியில் முடியும்.

கடைசி வரி தெரியாமல் முதல் ஓட்டமே தொடங்க முடியாது என்பது இதன் உடனடி விளைவு. சாதாரண அச்சில் கணினி ஒரு வரியைத் தயாரித்து அனுப்பிவிட்டு மறந்துவிடலாம். இங்கே முழுப் பட்டியலும் கைவசம் இருக்க வேண்டும்: 48 வரி, வரிக்கு 376 எழுத்து, ஆக 18,048 பைட்டு. பிபிசி மைக்ரோவின் நினைவகம் 32 கிலோபைட். வட்டு பொருத்திய கணினியில் திரைக்கு மிகக் குறைவாக எடுக்கும் ஏழாம் முறையைத் தேர்ந்தால், நிரலுக்கும் தரவுக்குமாக மிஞ்சுவது 25,344 பைட்டு. பட்டியல் போக ஏழாயிரம் சொச்சம் பைட்டில் நிரல் உட்கார வேண்டும். சிறிய பேசிக் நிரலுக்கு அது தாராளம். வரிக்கு எழுத்து இன்னும் கூடினால் பட்டியலை வட்டிலேயே வைத்து, வேண்டிய இடத்துக்குத் தாவித் தாவி எழுத்தைப் படிக்கலாம். ஆனால் ஓர் ஓட்டத்துக்கு 48 தாவல். ஒலிநாடாவில் சேமித்தவர்களுக்குத் தாவுவதற்கே வழியில்லை.

பட்டியல் விரிதாள் நிரலிலிருந்து இந்த நிரலுக்கு எப்படி வரும் என்பதும் யோசிக்க வேண்டியது. இரண்டும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்க இடமில்லை. ஆகவே பட்டியல் வெறும் எழுத்துக் கோப்பாக வட்டில் எழுதப்பட்டு, பிறகு திருப்பும் நிரல் அதைத் திறந்து படித்தது. விரிதாளின் வாய்பாடுகள் இந்த வழியில் தொலைந்துவிடும். தாளுக்கு அவை தேவையும் இல்லை.

அளவுகளைப் போட்டுப் பார்த்தால் இந்த முறை எவ்வளவு பொருத்தமாக அமைகிறது என்பது தெரியும். ஒரு வரிக்கு எட்டுப் புள்ளி, வரிகளுக்கு நடுவே இரண்டு வெற்றுப் புள்ளி என்றால் 480 புள்ளியில் சரியாக 48 வரி. பத்துப் புள்ளி என்பது அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. சாதாரண அச்சின் வரி இடைவெளியும் அதுவே. எழுத்தின் அகலம் 72இல் 8, அதாவது அங்குலத்துக்கு ஒன்பது எழுத்து. உயரம் 60இல் 8. அகலத்தைவிட உயரம் சற்றுக் கூடுதல் என்பதால் படிக்கச் சிரமமில்லை. 376 எழுத்துக்கு 41.8 அங்குலம், 12 அங்குலத் தாளில் நான்கு மடிப்புக்குள் அடங்கும். ஓட்டத்துக்கு இரண்டு விநாடி என்று வைத்தாலும் 376 ஓட்டத்துக்குப் பன்னிரண்டரை நிமிடம். அத்தனை நேரமும் கணினியில் வேறு வேலை செய்ய முடியாது.

வேகம் கூட்ட ஒரு வழி உண்டு. எழுத்தை ஆறு புள்ளி அகலத்தில் வரைந்து, அடுத்தடுத்த எழுத்துகளை இடைவெளி விடாமல் நெருக்கினால் நான்கு எழுத்து மூன்று ஓட்டத்தில் முடியும். 376 ஓட்டம் 282 ஆகும், தாளும் 31 அங்குலமாகக் குறையும். ஆனால் இதற்குப் பிட்டுகளை நகர்த்தி ஒட்டும் வேலை திரும்ப வந்துவிடுகிறது. இன்னொரு குறையும் சேர்கிறது. மலிவான பிரிண்டரில் தாள் நகர்வு ஒவ்வொரு முறையும் துல்லியமாக இருப்பதில்லை. ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவே மயிரிழைப் பிளவோ மேல்விழுந்த கறுப்போ தோன்றும். ஓட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற முறையில் அந்தப் பிளவு எழுத்துகளுக்கு இடையில் விழுகிறது. மேலே காட்டிய ‘ஏ’யின் எண்களில் முதல் பிட்டும் கடைசி பிட்டும் எப்போதும் சுழி என்பதைக் கவனிக்கலாம், பிளவு விழுமிடம் ஏற்கெனவே வெள்ளை. நெருக்கி அச்சிட்டால் அது எழுத்தின் நடுவே வெட்டும். மூன்று நிமிடத்துக்காக 3ஐயும் 8ஐயும் குழப்பிக்கொள்வது விலைப்பட்டியலுக்கு ஏற்றதல்ல.

அச்சு கெடும் மற்ற காரணங்களில் பெரும்பாலானவை கணினியின் அதிகப்படியான உதவியால் வருபவை. புள்ளிக்காக அனுப்பும் பைட்டுகளில் 10, 13 போன்ற எண்களும் வரக்கூடும். எழுத்துலகில் அவை வரிமாற்றக் குறிகள். இவற்றைக் கண்டதும் தானாக ஏதேனும் சேர்க்கும் அல்லது விழுங்கும் பழக்கம் பல இயக்கமுறைகளுக்கு உண்டு. பிபிசி மைக்ரோ இயல்பாக 10ஐப் பிரிண்டருக்கு அனுப்பாது. ஆனால் ஒவ்வொரு பைட்டுக்கும் முன் விடியு 1 என்ற கட்டளையை இட்டால் அந்தத் தடையைத் தாண்டி பைட் அப்படியே போய்ச் சேரும். ஐபிஎம் கணினியின் ஜிடபிள்யூ பேசிக், 80 எழுத்து அனுப்பியதும் தானே ஒரு வரிமாற்றத்தைச் செருகிவிடும்; பிரிண்டரின் அகலம் 255 என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் அந்தப் பழக்கம் நிற்கும். ஒரு பைட் கூடினாலோ குறைந்தாலோ 480 என்ற எண்ணிக்கை பிசகி, அந்த ஓட்டம் முழுவதும் குப்பையாகும். தாளின் கிழிப்புக் கோட்டைத் தாவும் வசதி பிரிண்டரில் இயங்கிக்கொண்டிருந்தால் பட்டியலின் நடுவே ஓர் அங்குல வெள்ளை விழும். 27, 79 என்ற கட்டளை அதை நிறுத்தும்.

எழுத்து முழுவதும் புள்ளியாகவே செல்வதால் தமிழுக்கு இங்கே ஒரு வாசல் திறக்கிறது. அன்றைய சாதாரணப் பிரிண்டரின் நினைவகத்தில் தமிழ் எழுத்து கிடையாது. படுக்கை அச்சில் அந்த நினைவகத்தை யாரும் கேட்பதே இல்லை. மிளகு, மல்லி என்று சரக்கின் பெயரைத் தமிழிலேயே அச்சிட, வடிவங்களை ஒருவர் கட்டத்தாளில் வரைந்து எண்ணாக்கிக் கொடுத்தால் போதும். எட்டுப் புள்ளி அகலத்தில் ‘ட’, ‘ப’ அடங்கும். ‘ணை’, ‘ழூ’ போன்றவை திணறும். ஒரு வடிவத்துக்கு இரண்டு எழுத்திடம், அதாவது 16 பைட் ஒதுக்குவது நடைமுறைக்கு ஒத்த வழி. உயிர், மெய், குறில் நெடில் உகர வடிவங்கள், துணைக்குறிகள் என்று 96 வடிவம் வைத்தாலும் 1,536 பைட்டுதான். மேலே சொன்ன ஏழாயிரத்தில் அதற்கும் இடம் உண்டு. எட்டுப் புள்ளி உயரத்தில் கொம்பும் சுழியும் அழகாக வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பட்டியலைப் படுக்கவைத்து அச்சிடும் வேலையைப் பொதுமக்களுக்கான பண்டமாக்கியவர் பால் ஃபங்க். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1982இல் அவர் தொடங்கிய ஃபங்க் சாஃப்ட்வேர் விற்ற ‘சைட்வேஸ்’ என்ற நிரல் ஐபிஎம் பிசியிலும் ஆப்பிள் 2இலும் ஓடியது. விரிதாளை எழுத்துக் கோப்பாகக் கொடுத்தால் எழுத்தளவும் இடைவெளியும் கேட்டுவிட்டுப் படுக்கவைத்து அச்சிட்டுத் தரும். கமடோர் 64 கணினிக்கு டைம்வொர்க்ஸ் நிறுவனம் விற்ற ஸ்விஃப்ட்கால்க் விரிதாளோடும் இத்தகைய வசதி வந்தது. ஒரே ஒரு குறையை நீக்குவதற்காகப் பிறந்த பண்டத்துக்கு ஆயுள் அந்தக் குறை இருக்கும் வரைதான். ஃபங்க் நிறுவனம் அதை உணர்ந்தோ என்னவோ, பிணையங்களில் பயனரைச் சரிபார்க்கும் மென்பொருளுக்கு மாறியது. 2005இல் ஜூனிபர் நெட்வொர்க்ஸ் அதை 12 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது.

குறை நீங்கியது இரண்டு வழியில். 1984இல் வந்த மெக்கின்டாஷ் திரையில் காட்டுவது முழுவதையும் புள்ளியாகவே கையாண்டதால், தாளை நெட்டையாக வைப்பதா அகலமாக வைப்பதா என்பது அச்சுக்கு முந்தைய பெட்டியில் ஒரு தேர்வாகச் சுருங்கியது. அதே ஆண்டின் ஹெச்பி லேசர்ஜெட்டில் படுத்த எழுத்துருவே பிரிண்டருக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு ஆப்பிள் லேசர்ரைட்டரோடு பரவிய போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி இன்னும் ஒரு படி மேலே போனது: எழுத்தைத் தொடாமல், அச்சிடும் தளத்தின் ஆய அச்சுகளையே எத்தனை பாகை வேண்டுமானாலும் சுழற்ற ஒரே சொல் போதும். வரிசையைத் திருப்பும் வேலையைப் பிரிண்டருக்குள் இருந்த கணினி எடுத்துக்கொண்டது. முழுப் பக்கத்தையும் புள்ளியாக வைத்துக்கொள்ளும் நினைவகம் அதற்கு இருந்தது.

ஆனால் லேசர் பிரிண்டர் தனித்தாளில் அச்சிடுவது. ஏ4 தாளைப் படுக்கவைத்தால் கிடைக்கும் நீளம் 11.7 அங்குலம். பேளுக்குறிச்சி விலைப்பட்டியலின் 376 எழுத்தும் ஒரு வரியில் அதில் அடங்க வேண்டுமானால் ஓரம் விடாமலேயே அங்குலத்துக்கு 32 எழுத்து வேண்டும். லென்ஸ் இல்லாமல் படிப்பது கடினம். இன்றைய விரிதாள்களில் எல்லா நெடுவரிசையையும் ஒரே பக்கத்தில் சுருக்கும் தேர்வைப் பயன்படுத்தி ஏமாந்தவர்களுக்கு இது தெரியும். 42 அங்குலத்துக்கு மடிப்பு விரித்துச் சுவரில் ஒட்டும் ஆண்டுப் பட்டியல் தொடர்தாளோடு போய்விட்டது. தொடர்தாளும் ஊசித்தலைப் பிரிண்டரும் முற்றாகப் போய்விடவில்லை; கார்பன் படி தேவைப்படும் லாரி புக்கிங் அலுவலகங்களிலும் மொத்தக் கடைகளிலும் அவை இன்னும் இரைகின்றன. அவற்றில் பெரும்பாலானவை எப்சனின் அதே கட்டளைகளை ஏற்பவை. ஒன்பது ஊசித் தலை உள்ளவற்றுக்கு 27, 65, 8 என்று அனுப்பினால் தாள் இன்றும் 72இல் எட்டுப் பங்குதான் நகரும்.